நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்றாள் சீமாட்டி

ரத்தக்காட்டேரிக்குச் சாவு கிடையாது என்பார்கள். எங்கள் ரோம் நகரத்தில் அரசு நிறுவனங்களுக்கும் கிடையாது. ஒரே வித்தியாசம், ரத்தக்காட்டேரி பகலெல்லாம் தூங்கினாலும் ராத்திரி எழுந்து தன் வேலையைப் பார்க்கும்.

தேசியத் திரைமரபு மீட்பு நிறுவனம் ஒரு பழைய கன்னிமாடத்தில் இயங்கிவந்தது. மூன்று முற்றம், நாற்பது அறை, அறைக்கு ஒரு டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. எங்கள் ஊரில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் எல்லாருமே டாக்டர்தான். மிதிக்காதவரையும் காரியம் ஆக வேண்டுமென்றால் அப்படித்தான் கூப்பிட வேண்டும். கன்னியாஸ்திரிகள் இருந்த காலத்தில் அங்கே பேசாமல் இருப்பது விரதமாக இருந்தது. டாக்டர்கள் வந்தபின் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருப்பது விரதமாயிற்று.

2005 மார்ச்சில் இந்த நிறுவனம் தன் விரதத்தைக் கலைத்து, பத்திரிகைகளில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1971-இல் வந்த ‘ஏழு வண்ணச் சீமாட்டி’ என்ற படத்தைப் புதுப்பித்து டிவிடியாகக் கொண்டுவரப் போகிறார்களாம். ‘குடிமக்களே, உங்கள் பரணில் மரபு உறங்குகிறது. எழுப்பிக் கொண்டுவந்து எங்களிடம் ஒப்படையுங்கள்’ என்று போட்டிருந்தது.

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியத் தயாரிப்பாளர், ஜெர்மன் ஒளிப்பதிவாளர், ஸ்பெயினில் ஒரு கோட்டை, டென்மார்க்கிலிருந்து கதாநாயகி. கோட்டையில் இருநூறு வயதுச் சீமாட்டி ஒருத்தி ரத்தக்காட்டேரியாக வாழ்கிறாள். தேனிலவுக்குப் போகிற புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் வழி தவறி அங்கே வருகிறார்கள். அதன்பின் சுவர்கள் ஊதாவாகவும் ஆரஞ்சாகவும் உருகி வழிகின்றன, ஆகாயத்தில் பெரிய பெரிய கண்கள் திறந்து மூடுகின்றன, பெண்களின் உடைகள் ஓயாமல் நழுவுகின்றன. உடைகள் ஏன் நழுவுகின்றன என்பதற்கான காரணம் கடைசிவரை சொல்லப்படவில்லை.

வந்த காலத்தில் அது மூன்று வாரம் ஓடியது. பாதிரியார்கள் பிரசங்கத்தில் திட்டியதால் நான்காவது வாரமும் ஓடியது. பிறகு எல்லாரும் மறந்தார்கள். முப்பது வருஷம் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் அதைக் காவியம் என்று எழுதிய பிறகுதான் இது நம் மரபு என்பது எங்கள் டாக்டர்களுக்கு ஞாபகம் வந்தது.

அந்த அறிவிப்பை மூன்று தரம் படித்தவர் எவாரிஸ்தோ. எழுபத்திரண்டு வயது. நகரத் தண்ணீர்த் துறையில் முப்பத்துநான்கு வருஷம் கசிவு கேட்பவராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் ஒரு மரக்கோலைத் தரையில் ஊன்றி, அதன் தலையைக் காதில் வைத்து, பூமிக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்லும் வேலை. அந்தக் கோல் இன்னும் அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது.

அவருக்கும் ரத்தக்காட்டேரிக்கும் என்ன சம்பந்தம் என்றால், சீமாட்டியின் குரல் அவர் மனைவி நிவெஸுடையது.

அந்நாளில் எங்கள் ஊர்ப் படங்களில் தளத்தில் பேசுவதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நடிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு பாஷை பேசுவார்கள். வசனம் மனப்பாடம் ஆகாதவர்கள் உதடு அசைந்தால் போதும் என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். பிறகு ரோமில் குரல் கொடுக்கும் கூடத்தில் நம் ஆட்கள் உட்கார்ந்து உதட்டுக்கு ஏற்ப வசனம் பேசிச் சேர்ப்பார்கள். டிராம் ஓட்டுகிறவனுக்கும் தெரிந்த சங்கதி இது.

நிவெஸ் தபால் நிலையத்தில் தபால்தலை விற்கிறவள். விடுமுறை நாட்களில் கும்பல் காட்சிகளுக்குக் கூச்சல் போடப் போவாள். சீமாட்டிக்குப் பேச வேண்டிய பிரபலக் குரலுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. அவசரத்துக்கு நிவெஸைக் கூப்பிட்டார்கள். கூடம் நான்காவது மாடியில். மின்தூக்கி இரண்டு வருஷமாக ரிப்பேர். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்புக்காரி, ஏறி வந்து மூச்சு வாங்க மைக் முன்னால் நின்றாள். பதிவு நடந்த நான்கு நாளும் அப்படியே பேசி முடித்தாள். அந்த மூச்சைத்தான் பிற்காலத்தில் விமர்சகர்கள் ‘நூற்றாண்டுகளின் தாபம்’ என்று எழுதினார்கள். அவள் பெயரைப் படத்தில் போடவில்லை. குரல் கொடுத்தவர்கள் பெயரைப் போடுகிற வழக்கமே அப்போது கிடையாது.

எவாரிஸ்தோ படத்துக்குப் போனார். டென்மார்க்குப் பெண்ணின் உடை நழுவியபோது அவளிடமிருந்து தன் பெண்டாட்டியின் குரல் வந்தது. மனுஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கடைசிவரை திறக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனை தரம் அந்தப் படம் அவர் முன்னால் ஓடியதோ, அத்தனை தரமும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். அதனால் அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் வசனம் தலைகீழ்ப் பாடம். விடியற்காலை வேலை முடிந்து, குளிரில் விறைத்துப்போய் அவர் வீட்டுக்கு வரும்போது, நிவெஸ் கதவைத் திறந்து சீமாட்டியின் குரலில் சொல்வாள்:

“கதவு திறந்தே இருக்கிறது. உனக்காக இருநூறு வருஷம் காத்திருந்தேன். உள்ளே வா. உன் கை ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது?”

பிறகு தன் சொந்தக் குரலில், “சூப்பு ஆறிப் போச்சு எவாரி, சீக்கிரம் வந்து தொலை” என்பாள்.

2001-இல் அவளுக்குத் தொண்டையில் கட்டி. அறுத்தார்கள். உயிர் இருந்தது, குரல் போயிற்று. நான்கு வருஷம் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். 2005 ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் ஆள் இல்லாதபோது பதில் சொல்ல, டெலிபோனோடு இணைந்த பதிவுக் கருவி ஒன்று உண்டு. அதில் இருந்தது எவாரிஸ்தோவின் குரல். ‘என் குரலை யார் கேக்கப் போறாங்க, நீயே பேசு’ என்று அதை வாங்கிய அன்றைக்கு அவள்தான் சொன்னாள்.

மிச்சம் இருந்தது ஒரு வீடியோ கேசட். எண்பதுகளில் உள்ளூர் டிவியில் அந்தப் படம் வந்தபோது பதிவு செய்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கம்பள வியாபாரி ஒருவர் வந்து தள்ளுபடி பற்றிக் கத்துவார். அவள் போன பிறகு எவாரிஸ்தோ தினமும் அதைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். போட்டுப் போட்டு நாடா தேய்ந்தது. ஒருநாள் கருவி நாடாவைக் கடித்துக்கொண்டு விட மறுத்தது. பயந்துபோய் மெல்ல உருவி எடுத்தார். அந்த வாரம்தான் அறிவிப்பு வந்தது. புதுப்பித்துத் தருகிறார்களாம், ஒரு கரகரப்பும் இல்லாமல் நிவெஸ் பேசுவாளாம் என்று நினைத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கன்னிமாடத்துக்குப் புறப்பட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதுதான் நடந்தது.

வரவேற்பில் இருந்த பெண் டாக்டர் கேசட்டைக் கையுறை போட்டு வாங்கினார்.

“எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதாம்மா. பாத்து வச்சுக்குங்க.”

“மரபை எப்படி வச்சுக்கணும்னு எங்களுக்கே சொல்றீங்களா ஐயா?”

“ஐயோ, அப்படி இல்ல. நடுநடுவுல ஒரு கம்பளக்காரன் வருவான். அவனை மட்டும் எடுத்துடலாம்.”

“எதை எடுக்கணும், எதை வைக்கணும்கிறதைக் குழு முடிவு பண்ணும். நீங்க கையெழுத்துப் போடுங்க.”

போட்டார்.

ஆறு மாதம் ஆயிற்று, ஒரு வருஷமும் ஆயிற்று. விசாரித்தபோது, படத்தில் வரும் ஊதா நிறம் எந்த ஊதா என்பதில் கருத்து வேறுபாடு என்றார்கள். கத்தரிக்காய் ஊதா என்று ஒரு கட்சி, பேராயர் அங்கி ஊதா என்று ஒரு கட்சி. ஒளிப்பதிவாளர் மூனிக் நகரில் உயிரோடு இருந்தார். அவரைக் கேட்டதில், ‘அன்றைக்கு வண்ண வடிகட்டிக் கண்ணாடி உடைந்துவிட்டது, கையில் கிடைத்த மிட்டாய்க் காகிதத்தை ஒட்டினோம்’ என்று எழுதினாராம். அவர் சாட்சியம் நம்பத்தகாதது என்று குழு ஒதுக்கியது.

“சரி, என் கேசட்டையாவது திருப்பித் தாங்கம்மா.”

“ஒன்பதாம் விதி ஐயா. உள்ள வந்ததெல்லாம் மரபு. மரபு வெளிய போகக் கூடாது.”

“இங்கயே உக்காந்து ஒருதரம் கேட்டுட்டுப் போயிடறேன்.”

“போட்டா தேஞ்சுடும். யாரும் கேக்காம இருந்தாத்தானே குரல் பத்திரமா இருக்கும்?”

அது பத்திரமாகத்தான் இருந்தது. எவாரிஸ்தோவின் தலைக்குள் இருந்ததுதான் பத்திரமாக இல்லை. ஒருநாள் காலை காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, ‘எவாரி’ என்று அவள் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். கூப்பிட்டது. ஆனால் அவருடைய சொந்தக் குரலில் கூப்பிட்டது. மறுபடி முயன்றார். மறுபடியும் கிழட்டு ஆண் குரல்தான். காப்பி பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருக்க, அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறடி மண்ணுக்குக் கீழே சொட்டு விழுவதைக் கேட்ட காது, முப்பத்தொன்பது வருஷம் பக்கத்தில் படுத்தவளின் குரலைத் தொலைத்துவிட்டது. அன்றைக்கு அவர் குழந்தை மாதிரி அழுதார்.

அன்று மதியமே கன்னிமாடத்தில் மனுப் படிவம் கேட்டார். ‘மரபுப் பொருளைக் கேட்க விரும்பும் காரணம்’ என்ற இடத்தில் ஆய்வு, கல்வி, வணிகம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மனைவி என்று கட்டம் இல்லை. யோசித்து, ஆய்வு என்பதில் குறி போட்டார். தலைப்பு என்ற இடத்தில் ‘நிவெஸ்’ என்று எழுதினார்.

நிறுவனம் ஆய்வுகளை மிகவும் மதிக்கிறது. எனவே அவரை அறிவியல் குழு முன் ஆஜராகும்படி அழைத்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து டாக்டர்கள். நடுவில் நிறுவனத்தின் இயக்குநர் டாக்டர் பிராந்தினி. ஓரத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு லோரெதானா என்ற பெண்மணி. ஐம்பது வயது, ஒலிப் பிரிவின் தொழில்நுட்ப ஊழியர். அந்தக் கட்டடத்திலேயே டாக்டர் ஆகாத ஒரே ஆள் அவர்தான் என்பதால், வேலை செய்யும் பொறுப்பு அவரிடம் இருந்தது.

“ஆய்வுத் தலைப்பு ஒரே சொல்லா இருக்கே. துணைத் தலைப்பு கிடையாதா?” என்றார் பிராந்தினி.

எவாரிஸ்தோ யோசித்தார். “நிவெஸ், என் வீட்டுக்காரி.”

“இந்தப் பொருள்ல இதுக்கு முன்னாடி யாராவது ஆய்வு பண்ணிருக்காங்களா?”

“அவ அம்மா கொஞ்சம் பண்ணாங்க.”

ஒரு டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். “உங்க ஆய்வுக் காலம்?”

“முப்பத்தொம்பது வருஷம். இன்னும் முடியல.”

“ஆய்வு முறை?”

“காது, டாக்டர். நான் தண்ணித் துறையில கசிவு கேட்டவன். ரோட்டுக்கு அடியில ஒரு சொட்டு விழுந்தா எந்த வீட்டு வாசல்னு சொல்லுவேன். அந்தச் சீமாட்டி பேசறது என் நிவெஸ்தான். சத்தியம் பண்றேன்.”

பிராந்தினி கனிவோடு சிரித்தார். “ஐயா, உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது. ஆனா காதுங்கிறது ஒரு ஆவணம் இல்ல. நாளைக்கு ஒருத்தர் வந்து மூக்கைக் காட்டினா நாங்க என்ன பண்றது?”

பதில் மூன்று மாதத்தில் வந்தது. ‘ஆய்வாளர் ஆய்வுப் பொருளோடு அளவுக்கு மீறிய நெருக்கம் கொண்டிருப்பதால் நடுநிலை எதிர்பார்க்க இயலாது. மேலும், படத்தின் பெயர்ப் பட்டியலில் காணப்படாததால், ஆய்வுப் பொருள் இருந்ததற்கே சான்று இல்லை. மனு தள்ளப்படுகிறது.’ கடிதத்தின் கீழே மேலும் ஆய்வுகளைத் தொடர வாழ்த்தியிருந்தார்கள்.

போகட்டும், டிவிடி எப்படியும் வரும், அதில் அவள் இருப்பாள் என்று எவாரிஸ்தோ தன்னையே தேற்றிக்கொண்டார். அடுப்படியில் நாட்காட்டியை மாட்டி ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தார்.

2007 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, புதுப்பித்த படத்தின் முதல் காட்சி. கேசட் தந்த குடிமகன் என்ற முறையில் அவருக்கும் அழைப்பு வந்தது. கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். அவருக்கு அது ஒரு குறையே இல்லை. அவர் கண்ணைத் திறக்கப் போவதில்லை.

முதலில் பிராந்தினி பேசினார்.

“பெரியோர்களே! எது மூலம்? இதுதான் கேள்வி. இந்தப் படத்தை முப்பத்தாறு ஆண்டுகளாக உலகம் ஒரு பொய்க் குரலில் கேட்டு வந்திருக்கிறது. பிற்பாடு ஏதோ ஒரு கூடத்தில், யாரோ ஒரு பெண்ணைக் கொண்டு ஒட்டிய குரல்! நாங்கள் தேடினோம். மூனிக்கில் ஒரு கிடங்கில், படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவான நாடாவைக் கண்டெடுத்தோம். அது வெறும் உதட்டுக் குறிப்புக்காகப் பதிவு செய்தது என்று சில சிறுமதியாளர்கள் சொன்னார்கள். மூல ஒலி உள்ள படங்களுக்கே மானியம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. சுற்றறிக்கையை விடவா சினிமா பெரிது? ஒரு சிலையின் மேல் பிற்காலத்தில் பூசிய சுண்ணாம்பைச் சுரண்டுவது போல, அந்தக் குரலை ஒரு சொல் விடாமல் சுரண்டி எடுத்துவிட்டோம். நான் இந்தப் படத்தை இதுவரை பார்க்கவில்லை. பார்த்தால் என் நடுநிலை கெட்டுவிடும். பாருங்கள், நீங்கள் பாருங்கள்!”

கைதட்டல். எவாரிஸ்தோவுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியை நம்பவில்லை. விளக்கு அணைந்தது. வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

கோட்டைக் கதவு கிரீச்சிட்டது. சரி. காற்று. சரி. சீமாட்டியின் செருப்புச் சத்தம். இதோ, இப்போது பேசுவாள். கதவு திறந்தே இருக்கிறது என்பாள். அவர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார்.

ஒரு சின்னப் பெண்ணின் குரல் தெரியாத பாஷையில் ஏதோ சொன்னது. அதன்மேல் ஒரு ஆண் கத்தினான்.

எவாரிஸ்தோ கண்ணைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சீமாட்டியைப் பார்த்தார். ஊதாச் சுவருக்கு முன்னால் மெல்லிய துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. கீழே எழுத்தில் மொழிபெயர்ப்பு ஓடியது. புதுப்பெண்ணின் கழுத்தருகே குனிந்து, கண் செருக, சீமாட்டி ‘நாற்பத்தேழு’ என்றாள். உதட்டை நாவால் ஈரப்படுத்திக்கொண்டு ‘நாற்பத்தெட்டு’ என்றாள். ‘இன்னும் இடது பக்கம்! விளக்கை மறைக்காதே!’ என்று ஆண் குரல் ஆணையிட்டது. அதற்கும் மொழிபெயர்ப்பு இருந்தது. ஆகாயத்தில் பெரிய கண் ஒன்று திறந்தது. சீமாட்டி புதுப்பெண்ணின் ஆடையை அவிழ்த்தபடி ‘ஐம்பத்து மூன்று’ என்று பெருமூச்செறிந்து, எண்ணிக்கை தவறி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

“மரணத்திலேர்ந்து மறுபிறப்பு!” என்று முன்வரிசையில் ஒரு விமர்சகர் பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டினார். “அந்த ஆண் குரல் யாரு, கடவுளா?”

“கடவுளேதான். பாரேன், இடது பக்கம்னு சொல்றாரு. அரசியல்!”

சவப்பெட்டிக் காட்சியில் சீமாட்டி, ‘என் கால் மரத்துவிட்டது. காப்பி எப்போது வரும்?’ என்றாள். அரங்கில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எவாரிஸ்தோ அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிரில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. ஒரு கம்பளியாவது கொடுக்கக் கூடாதா இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்தார். இதைக் கூச்சப்பட்டுக்கொண்டு இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்தோமே என்றும் நினைத்தார். பாவம், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அவள் நிவெஸ் இல்லை. தொண்ணூற்றிரண்டு நிமிஷமும் அவர் காத்திருந்தார். ஓர் இடத்தில்கூட நிவெஸ் வரவில்லை.

படம் முடிந்து, கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து எவாரிஸ்தோ எழுந்தார். மைக் அவர் கைக்கு வந்தது.

“என் மனைவி எங்க?” என்றார்.

பிராந்தினி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஐயா, உங்க மனைவி உங்ககூடத்தான் வந்தாங்களா?”

“அவ இதுக்குள்ளதான் இருந்தா. நான்தான் கொண்டாந்து உங்க கையில ஒப்படைச்சேன். நிவெஸ். இப்ப அவளைக் காணோம்.”

இப்படிப்பட்ட நேரங்களில் நிறுவனம் தாமதிப்பதில்லை. பதினேழாம் விதி, பொதுமக்கள் பாதுகாப்பு. இரண்டு டாக்டர்கள் மாடிப்படிகளைத் தேடப் போனார்கள். ஒரு பெண் டாக்டர் கழிப்பறைக்குப் போனார். பிராந்தினியே மைக்கைப் பிடித்து, முற்றங்களில் உள்ள ஒலிபெருக்கிகளுக்கும் இணைப்புக் கொடுக்கச் சொல்லி, கம்பீரமான குரலில் அறிவித்தார்:

“நிவெஸ் அம்மையார் அவர்களே! உங்கள் கணவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். நீங்கள் எங்கிருந்தாலும் உடனே அரங்கத்துக்கு வரவும்.”

மூன்று தரம் அறிவித்தார். மூன்று முற்றத்திலும் அந்தப் பெயர் எதிரொலித்தது. அரங்கமே திரும்பி வாசலைப் பார்த்தது. எவாரிஸ்தோவும் பார்த்தார். அவளை மண்ணுக்குள் வைத்தவர் அவர்தான். இருந்தாலும் அவ்வளவு பெரிய அரசாங்கம் அவ்வளவு சத்தமாகக் கூப்பிடும்போது, ஒரு கணம், வந்தாலும் வருவாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

யாரும் வரவில்லை. ‘தேடப்பட்டது, கிடைக்கவில்லை’ என்று ஒரு படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

முற்றத்துப் படியில் அவர் உட்கார்ந்திருந்தபோது லோரெதானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் இரண்டு காகிதக் கோப்பைக் காப்பி.

“அவங்க குரலை அழிச்சது நான்தான் ஐயா,” என்றார். “உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசில்ல. ஒரு ஒரு சொல்லா அழிச்சேன். ரெண்டு மாசம் ஆச்சு.”

எவாரிஸ்தோ காப்பியை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

“பழைய நாடா?”

“சேதம்னு பேர் போட்டுட்டாங்க. சேதத்தை ரசாயனத்துல போடணும்னு விதி. போன வாரம் போயிடுச்சு.”

“என் கேசட்?”

“அதைப் பரிசோதனைக்குக் கருவியில போட்டாங்க. கருவி...” லோரெதானா முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்தக் கேசட் கருவியில் சிக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

லோரெதானா தன் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு லோரெதானா கேட்டார்: “நல்லா குடுத்திருந்தாங்க குரல். அந்த மூச்சு இருக்கே, அதுல என்னமோ இருந்தது. என்ன பயிற்சி அது?”

“பயிற்சியா?” எவாரிஸ்தோ முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். “நாலு மாடிம்மா. லிஃப்ட் ரிப்பேர்.”

லோரெதானா சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தையும் பேனாவையும் எடுத்தார். “ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அவங்க பேசினதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது?”

அவர் சொன்னார். லோரெதானா எழுதிக்கொண்டார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் எல்லாரும் எதையாவது எழுதிக்கொள்வது வழக்கம்தானே.

அக்டோபரில் டிவிடி கடைக்கு வந்தது. எவாரிஸ்தோ வாங்கப் போகவில்லை. தபாலில்தான் வந்தது, அனுப்பியவர் பெயர் இல்லாமல். ஊதா நிற உறை. எந்த ஊதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: ‘கூடுதல் பகுதிகள். கடைசி.’

இரண்டு நாள் அதை மேசைமேலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை, முன்பே வாங்கிவைத்திருந்த டிவிடி கருவியில் போட்டார். கூடுதல் பகுதிகள் நிறைய இருந்தன. சீமாட்டியின் எண்கள் பற்றி மூன்று பேராசிரியர்களின் உரை. ஊதா நிற விவாதம், சுருக்கப்பட்ட வடிவம், தொண்ணூற்று நான்கு நிமிஷம். கடைசியில் ஒன்று: ‘நீக்கப்பட்ட சேதத்தின் மாதிரி.’ மானியம் வாங்குகிற எந்த மீட்புப் பணியிலும், எவ்வளவு மோசமான சேதத்தை நீக்கினோம் என்பதைப் பொதுமக்களுக்கு நிரூபிக்க ஒரு மாதிரி காட்ட வேண்டும் என்பது சுற்றறிக்கையின் பின்னிணைப்பு. பதினொரு விநாடிக்கு மேல் கூடாது; அதற்காக ஒலிப் பிரிவில் வைத்திருக்கும் நகலையும் மாதிரி எடுத்ததும் அழித்துவிட வேண்டும். எந்தப் பதினொரு விநாடி என்று எந்த டாக்டரும் கேட்கவில்லை. அது தொழில்நுட்ப ஊழியர் பார்த்துக்கொள்ளும் விஷயம்.

எவாரிஸ்தோ பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“கதவு திறந்தே இருக்கிறது,” என்றாள் நிவெஸ். “உனக்காக இருநூறு வருஷம் காத்திருந்தேன். உள்ளே வா. உன் கை ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது?”

உடனே பிராந்தினியின் குரல் வந்தது: “கேட்டீர்களா அவலத்தை! இந்த அழுக்கை அடியோடு போக்க எங்களுக்கு இரண்டாண்டுகள் ஆயின.”

மறுபடி போட்டார். மறுபடி அவள் கூப்பிட்டாள், மறுபடி அவர் கேட்டீர்களா என்றார். நாலைந்து தரத்தில் எவாரிஸ்தோவுக்குக் கை பழகிவிட்டது. கடைசிச் சொல் முடிந்ததும், பிராந்தினி வாயைத் திறக்குமுன் நிறுத்திவிடக் கற்றுக்கொண்டார்.

பிறகு எழுந்து போய், கதவுக்குப் பின்னாலிருந்த மரக்கோலை எடுத்து வந்தார். ஒரு நுனியை டிவியின் ஒலிபெருக்கிமேல் வைத்தார். மறு நுனியில் காதை வைத்தார். பொத்தானை அழுத்தினார்.

இப்போது வசனத்துக்கு அடியில் இருந்ததெல்லாம் கேட்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவள் மூச்சு வாங்கினாள். தபால் நிலையத்தில் காலையெல்லாம் நின்றுவிட்டு, பஸ் பிடித்து, நாலு மாடி ஏறி அப்போதுதான் வந்து நின்ற மூச்சு. முப்பத்தைந்து வயசு மூச்சு. நோய் இல்லாத தொண்டை.

எவாரிஸ்தோ கோலிலிருந்து காதை எடுக்காமலே சொன்னார்:

“அவசரமே இல்ல நிவெஸ். மெதுவா ஏறி வா. நான் இங்கதான் இருக்கேன்.”